பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்: தியாகோ சில்வாவின் 2005ஆம் ஆண்டைப் பற்றி

மதிப்பிற்குரிய கூட்டமைப்பின் தலைவருக்கும் மருத்துவக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். அரசின் காசநோய்த் திட்டத்தில் சுகாதாரப் பார்வையாளராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் வியாசர்பாடியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் கழிந்தது. பந்து உதைக்காத சந்து அந்தப் பகுதியில் இல்லை என்பதால், மாத்திரைப் பெட்டியோடு வீடு வீடாகப் போகும் வழியில் உங்கள் மஞ்சள் சட்டை அணிந்த பிள்ளைகளை நான் பார்க்காத நாளும் இல்லை. உங்கள் தேசிய அணியின் முன்னாள் கேப்டனும் தடுப்பாட்ட வீரருமான தியாகோ சில்வாவின் ஆட்ட வாழ்க்கையை இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். ஆட்டத்தை அறிந்தவர்கள் அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அவருடைய நோயை அறிந்தவன். அதனால் எனக்குச் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது.

முதலில் 2014 உலகக் கோப்பை. ஜூன் 28 அன்று பெலோ ஒரிசோன்ட்டியின் மினெய்ராவோ அரங்கில் சிலி அணியுடனான ஆட்டம் 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. உங்கள் அணியின் கேப்டனாக இருந்த சில்வா மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி, பந்தின் மேல் உட்கார்ந்து கண்ணீர் விட்டார். பெனால்டி அடிக்க வேண்டியவர்களின் வரிசையில் தன்னைக் கடைசியில் வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அணி வென்றது. ஆனாலும் உங்கள் நாட்டுப் பத்திரிகைகளும் முன்னாள் வீரர்கள் சிலரும் ஒரு வாரம் முழுக்க அந்தக் கண்ணீரை வைத்தே அவரை எடைபோட்டார்கள். அடுத்த ஆட்டத்தில், கொலம்பியாவுக்கு எதிராக, ஏழாவது நிமிடத்திலேயே கோல் போட்டவர் அவர்தான். அதே ஆட்டத்தில் கோல்கீப்பர் ஓஸ்பினா பந்தை உதைக்கவிடாமல் குறுக்கே போய், எந்தத் தேவையும் இல்லாத ஒரு மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டவரும் அவர்தான். அந்தத் தொடரில் அது அவருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. அதனால் அடுத்த ஆட்டத்தில் ஆடத் தடை விழுந்து, ஜூலை 8 அன்று, அதே மினெய்ராவோவில், அரையிறுதியில் ஜெர்மனி ஏழு கோல் போட்டபோது அவர் வெளியே உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. எங்களுக்கு அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. தெருமுனைத் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்த பிள்ளைகளில் ஒருவன், "அழுகுணி கேப்டன் இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பானாம்?" என்று கேட்டான். இருபது வயதில் ஆறு மாதம் மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவன் அவன் என்று நான் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. காசநோய் வந்தவன் உலகக் கோப்பை ஆடுவானா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல்.

ரியோவில் பிறந்து வளர்ந்த சிறுவன், பல கிளப்களின் தேர்வுகளில் தள்ளப்பட்டவன், நடுக்களத்தில் ஆடத் தொடங்கிப் பிறகு தடுப்பாட்டத்துக்கு மாறியவன். ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தின் யுவென்ட்யூட் அணியில் 2004இல் கவனம் பெற்று, அதே ஆண்டு போர்ச்சுகலின் போர்ட்டோவுக்குப் போனான். அங்கே இரண்டாம் அணியோடு சரி, முதல் அணியில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2005இல் டைனமோ மாஸ்கோவுக்குப் போன இடத்தில்தான் காசநோய் என்று தெரிந்தது. அந்த அணிக்காக ஓர் அதிகாரபூர்வ ஆட்டமும் ஆடாமல், ஏறத்தாழ ஆறு மாதம் மருத்துவமனையில் கிடந்தான். நுரையீரலின் ஒரு பகுதியை அறுத்து எடுக்கும் பேச்சும் எழுந்தது. இன்னும் சில வாரம் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னதைச் சில்வா பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கால்பந்தை விட்டுவிடலாம் என்று நினைத்ததையும், தாயின் பேச்சுதான் தன்னைத் தடுத்தது என்பதையும் சொல்லியிருக்கிறார். யுவென்ட்யூடில் அவரைப் பயிற்றுவித்தவரும் மாஸ்கோவிலும் பொறுப்பில் இருந்தவருமான இவோ வோர்ட்மன், 2006இல் ரியோவின் ஃப்ளுமினென்சி அணியின் பயிற்சியாளராக இருந்தபோது அவரை ரியோவுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஒரு பயிற்சியாளரின் நினைவில் அந்தப் பையன் தங்கியிருந்தது தற்செயல். அப்படித் தங்காமல் போன பையன்கள் எத்தனை பேர் என்பதை நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் தொழில் சார்ந்து இங்கே கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்தவுடனே எல்லோரையும் வீழ்த்திவிடுவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் அது உறங்கிக் கிடக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக எழும். உடல் எதிர்ப்பாற்றல் தளரும்போது எழுவதற்கு வாய்ப்பு அதிகம். மொழி தெரியாத ஊர், குளிர், சரியாக வாய்க்காத உணவு, ஆட வாய்ப்பில்லாத மனச்சோர்வு ஆகியவற்றுக்கு நடுவே தூக்கி வைக்கப்படும் இருபது வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். உங்கள் நாடும் என் நாடும் உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்ச் சுமை மிகுந்த நாடுகளின் பட்டியலில் ஒன்றாக இருக்கின்றன. உலகிலேயே அதிகமான கால்பந்து வீரர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடும் உங்களுடையதுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு கிளப்களுக்கோ முகவர்களுக்கோ இருப்பதைக் காட்டிலும் உங்களுக்கு அதிகம்.

மாஸ்கோவின் அந்த ஆறு மாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வருகிறது. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் தாம்பரம் சானடோரியம்தான். காசநோயாளிகளை ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் தங்க வைத்துப் பார்த்துக்கொண்ட காலத்தின் எச்சம் அது. 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மறு பகுதியினருக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. 1959இல் முடிவுகள் வெளியான பின் உலகம் மெல்ல மெல்ல வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. ரஷ்யா போன்ற சில நாடுகளில் நீண்டகால மருத்துவமனைச் சிகிச்சை வெகுகாலம் நீடித்தது. சில்வாவின் நோய் முற்றியிருந்தது, மருத்துவமனை தேவைப்பட்டிருக்கலாம். அதில் நான் குறை காண வரவில்லை. ஆனால் அந்த நோய் முற்றுவதற்கு முன்பே, ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் ஒரு சளிப் பரிசோதனையும் ஏதாவது ஒரு கட்டத்தில் அதைக் காட்டிக்கொடுத்திருந்தால், தன் வீட்டில், தன் மொழி பேசும் மனிதர்களுக்கு நடுவில், மாத்திரை சாப்பிட்டே அவர் தேறியிருக்க முடியும்.

அதற்குப் பிறகு அந்த நுரையீரல் என்னவெல்லாம் செய்தது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஃப்ளுமினென்சியோடு 2007இல் பிரேசில் கோப்பை, மிலானோடு 2010-11 இத்தாலிய லீக் பட்டம், பாரிஸில் எட்டு ஆண்டுகளில் ஏழு லீக் பட்டங்கள், உங்கள் சட்டையில் 113 ஆட்டங்கள், நான்கு உலகக் கோப்பை அணிகளில் இடம். எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது அவர் ஆடிய விதம். எதிரணி வீரன் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பந்து வரப்போகும் இடத்தில் போய் நிற்பவர் அவர். தரையில் விழுந்து சறுக்கிப் பந்தைப் பறிக்க வேண்டிய நிலைமை அரிதாகவே வரும். வேகத்தால் ஆடுகிறவர்கள் முப்பத்திரண்டு வயதில் நின்றுவிடுகிறார்கள். இவர் 38 வயதில் கத்தாரில் உங்கள் அணிக்குத் தலைமை தாங்கினார், 40 வயதில் 2025 கிளப் உலகக் கோப்பையின் அரையிறுதி வரை ஃப்ளுமினென்சியை இட்டுச் சென்றார். 2021 மே 29 அன்று செல்சி அணிக்காகச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவர் இறங்கியது போர்ட்டோ நகரில். பதினேழு ஆண்டுகளுக்கு முன் முதல் அணியில் இடம் கிடைக்காமல் திரிந்த அதே ஊர். தொடை இடுக்குக் காயத்தால் 39ஆம் நிமிடத்தில் வெளியேறியவர், மீதி ஆட்டத்தைக் களத்துக்கு வெளியிலிருந்து பார்த்து, கோப்பையைக் கையில் வாங்கினார்.

குறைகள் இல்லாதவர் அல்லர். 2015 கோப்பா அமெரிக்கா காலிறுதியில், தேவையே இல்லாமல் கையை உயர்த்திப் பரகுவேக்குப் பெனால்டி கொடுத்ததை நானும் பார்த்தேன், திட்டவும் செய்தேன். அதன் பிறகு வெகுகாலம் அவர் தேசிய அணிக்கு வெளியே இருந்தார். கேப்டன் பட்டை தன்னிடமிருந்து நெய்மாருக்குப் போனபோது வெளிப்படையாக வருத்தப்பட்டதும் எல்லோருக்கும் பிடித்த செயலாக இருக்கவில்லை. ஆனால் அவருடைய ஆட்ட வாழ்க்கையில் மனஉறுதியை அளக்க வேண்டிய நாள் 2014 ஜூன் 28 என்று உங்கள் நாட்டில் பலர் இன்னும் நினைப்பதுதான் எனக்கு ஆறவில்லை. அளக்க வேண்டுமென்றால் 2005ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஒரு வேளையும் தவறாமல் அந்த மருந்துகளை விழுங்குவது எப்படிப்பட்ட வேலை என்பது எனக்குத் தெரியும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், வாய் கசக்கும், சோறு பிடிக்காது. இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும், "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். நான் கெஞ்சியும் கேட்காமல் நிறுத்தி, மீண்டும் நோய் முற்றி வந்தவர்களின் முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன.

இனி நான் கேட்க வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் வீரருக்கு நீங்கள் வழங்கும் சர்வதேச மாற்றுச் சான்றிதழுக்கு நிபந்தனை விதிக்க ஃபிஃபாவின் விதிகள் இடம் தருவதில்லை என்பதை அறிவேன். எனவே அந்த வழியை நான் கேட்கவில்லை. ஆனால் இளம் வீரர்களை உருவாக்கும் கிளப் என்ற சான்றிதழைக் கொடுக்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறது. மருத்துவ, பல் மருத்துவ, உளவியல் உதவிகளை அந்தப் பிள்ளைகளுக்குக் கிளப் அளிக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டமே அதற்கு நிபந்தனை வைத்திருக்கிறது. அந்த மருத்துவ உதவி என்ற சொல்லுக்குள் காசநோய்ப் பரிசோதனையைத் தெளிவாக, பெயர் சொல்லி, சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை நெஞ்சு எக்ஸ்ரே, உறங்கும் தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஆகிய இரண்டும் போதும். பிறந்ததும் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் பழைய தோல் பரிசோதனை குழப்பம் தரக்கூடும் என்பதால்தான் ரத்தப் பரிசோதனையைச் சொல்கிறேன். வெளிநாடு போகும் வீரருக்கு முதல் ஓராண்டு வரை, போர்ச்சுகீசிய மொழியில் பேசக்கூடிய ஒரு மருத்துவர் உங்கள் அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் விசாரிக்கட்டும். எடை குறைகிறதா, மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா, இரவில் வியர்க்கிறதா, இருமல் இரண்டு வாரம் தாண்டியதா என்று கேட்டால் போதும். ஐந்து நிமிடத்துக்குமேல் ஆகாது. வாழ்நாள் முழுக்க நான் கேட்ட கேள்விகள் இவை.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பரிசோதனை என்று வந்துவிட்டால், முடிவு கையில் கிடைத்த மறுநாளே பையனைக் கழித்துக்கட்டும் கிளப்களும் இருக்கும். எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த பெண்ணை எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று பயந்து, என்னைத் தெருமுனை டீக்கடையில் சந்தித்து மருந்து வாங்கிப் போனவர்களும் உண்டு. எனவே முடிவு கிளப்பின் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். சிகிச்சைக் காலத்தில் அவன் ஒப்பந்தத்தை முறிப்பது சான்றிதழை இழக்கும் குற்றமாக எழுதப்பட வேண்டும். உங்கள் அரசின் பொது மருத்துவ அமைப்பு காசநோய் மருந்தை இலவசமாகவே தருகிறது என்பதால், செலவு என்ற காரணத்தை யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. இந்த விதிகளை எழுதும் நாளில் சில்வாவை அந்த மேசைக்கு அழையுங்கள். வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் எழுதி முடித்த பிறகு, மருந்து சாப்பிட்ட காலத்தில் என்ன தேவைப்பட்டது, யார் வந்து பேசினார்கள், யார் வரவில்லை என்று அவரிடம் கேளுங்கள். எந்த வேளையில் எத்தனை மாத்திரை என்பதுகூட அவருக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். என்னிடம் மருந்து வாங்கியவர்களில் ஒருவரும் அதை மறந்து நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
வட சென்னையிலிருந்து,
ஓய்வு பெற்ற காசநோய் சுகாதாரப் பார்வையாளர் ஒருவர்