நெஞ்சுக்கறி ஏன் கட்டையாகிறது: செந்திலுக்கு ஒரு கடிதம்

செம்பவாங், சிங்கப்பூர்
சித்திரை முதல் வாரம்

அன்புள்ள செந்தில்,

நலம். நீயும் சாந்தியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய படங்களை இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். குரல் பதிவையும் கேட்டேன். போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுவார்கள். இதை எழுதித்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு நீ யாரிடமாவது எடுத்துக் காட்டவும் உதவும்.

முதலில் ஒன்று. உன் கோழிச் செட்டில் நோய் எதுவும் புகவில்லை. கிருமியால் வருவதல்ல இது, ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றவும் தொற்றாது. நெஞ்சுக்கறி கட்டையாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் முகம் சுளித்ததற்காக, நீ ஒப்பந்தத்தில் கோழி வளர்த்துக் கொடுக்கும் கம்பெனி உன் வளர்ப்புக் கூலியில் பிடித்தம் செய்தது அநியாயம்டா. ஏன் அநியாயம் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

இங்கே செனோக்கோ பகுதியில் இருக்கும் எங்கள் கோழிக்கறித் தொழிற்சாலையில் எனக்கு நெஞ்சுக்கறி மேசையில்தான் வேலை என்று உனக்குத் தெரியும். எந்த நாட்டுப் பெட்டியைத் திறந்தாலும் நீ அனுப்பிய படத்தில் இருப்பது போன்ற துண்டுகள் சில வரத்தான் செய்கின்றன. எலும்பு நீக்கிய துண்டை மெலிந்த நுனியில் பிடித்துத் தூக்கினால் நல்ல கறி துவண்டு தொங்கும். கட்டைக்கறி மடங்காமல் அப்படியே நிற்கும். கழுத்துப் பக்கம் புடைத்து, நிறம் வெளுத்து, மேலே பிசுபிசுவென்று தெளிந்த நீர் படர்ந்திருக்கும். சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகளும் தெரியும். விரலால் அழுத்தினால் இறங்காது. இன்னொரு வகையில் தசையிழைகள் ஓடும் திசையிலேயே வெள்ளைக் கோடுகள் ஓடும், அத்தனையும் கொழுப்பு. மூன்றாவது வகையைக் கிள்ளினால் இழை இழையாகப் பிரிந்து கையோடு வந்துவிடும். அதை இங்கே ஸ்பகெட்டிக் கறி என்கிறார்கள். உன் படங்களில் முதல் இரண்டும் ஒரே துண்டில் சேர்ந்தே தெரிகின்றன. பெரும்பாலும் அப்படித்தான் சேர்ந்து வரும்.

காரணத்துக்கு வருகிறேன். நாம் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது வந்த பாடம்தான் இது. கோழியின் தசையிழைகள் எத்தனை என்பது குஞ்சு பொரிவதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பொரிந்த பிறகு புது இழை சேர்வதில்லை, இருக்கிற இழைதான் பருக்கிறது. அப்படிப் பருப்பதற்கு இழையை ஒட்டி உட்கார்ந்திருக்கும் சாட்டிலைட் செல்கள் தங்கள் உட்கருவை அதற்குக் கொடுக்கின்றன. இழை அறுந்தாலோ செத்தாலோ பழுது பார்ப்பதும் அதே செல்கள்தான். முதல் வாரத்தில்தான் இவை மும்முரமாகப் பெருகுகின்றன.

இந்தக் காலத்துக் கறிக்கோழியின் நெஞ்சில் இழைகள் அளவு மீறிப் பருத்துவிடுகின்றன. இழைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில்தான் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்த நாளங்கள் ஓட வேண்டும். இழை பருக்கப் பருக்க அந்த இடம் நெருக்கப்படுகிறது. வயலை அகலப்படுத்துகிறேன் என்று வாய்க்கால் கரையையும் சேர்த்து உழுதால் கடைமடைக்கு என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன் போதுமான அளவு போய்ச் சேராது. லாக்டிக் அமிலம் போன்ற கழிவும் வெளியேறாமல் தங்கும். நெஞ்சுத் தசையோ ஏறக்குறைய முழுக்க வெள்ளை இழை. தொடையோடு ஒப்பிட்டால் அதில் தந்துகியும் குறைவு, செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் குறைவு. தொடைக்கறியில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சு முட்டிய இழையில் மைட்டோகாண்ட்ரியா கெடுகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது. இழையின் சவ்வு பழுதாகிக் கால்சியம் உள்ளே ஏறுகிறது. உள்ளே இருக்க வேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசிகிறது. அப்புறம் இழை செத்துப்போகிறது. செத்ததைத் தின்ன மேக்ரோஃபேஜ் செல்கள் வருகின்றன, சாட்டிலைட் செல்கள் செத்த இழைக்கு ஈடாக இழை கட்டப் பார்க்கின்றன. ஆனால் வளர்ச்சியின் வேகம் குறைவதில்லை. ஒரு பக்கம் கட்டக் கட்ட இன்னொரு பக்கம் சாகிறது. கடைசியில் சாட்டிலைட் செல்களால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. காலியான இடத்தைக் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் கொழுப்பும் நிரப்புகின்றன. கொலாஜன் மிகுந்த இடம் கட்டையாகிறது, கொழுப்பு மிகுந்த இடம் வெள்ளைக் கோடாகிறது. இழைக் கட்டுகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய இணைப்புத் திசு தளர்ந்துபோனால் ஸ்பகெட்டிக் கறி. சேவலில் கட்டை அதிகம், பெட்டையில் ஸ்பகெட்டி அதிகம் என்பதும் ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது.

நான் படித்ததில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் வாரா வாரம் கோழிகளை எடுத்து நெஞ்சுத் தசையை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். முதல் வாரக் குஞ்சிலேயே சின்ன நாளங்களில் அழற்சி இருந்திருக்கிறது, சுற்றிலும் கொழுப்புப் படிவு இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் வந்தது. இழை பருத்து நாளத்தை நெருக்குவது மட்டும்தான் காரணமா, அல்லது கொழுப்பைக் கையாளும் வளர்சிதை மாற்றமே முதலில் தடம் புரள்கிறதா என்ற விவாதம் அதிலிருந்து வந்தது. எனக்கு இரண்டாவது வாதத்தில் வலு இருப்பதாகப் படுகிறது. எது முதல் என்றாலும், உன் கைக்கு வந்த சில நாட்களிலேயே குஞ்சின் நெஞ்சுக்குள் இது தொடங்கியிருக்கலாம் என்பதை மனதில் வை.

இது ஏன் இப்போது வந்தது என்று கேட்டிருந்தாய். கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு இரகத்தையும் 1978-ஆம் ஆண்டு இரகத்தையும் 2005-இல் விற்பனையில் இருந்த இரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56 நாளில் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீவனம் ஒன்றுதான் என்பதால் இந்த வித்தியாசம் அத்தனையும் இனத் தேர்வால் வந்தது. அதிலும் கூடிய சதையில் பெரும்பங்கு நெஞ்சுக்குத்தான் போனது. அந்த ஆய்வு வெளியானது 2014-இல். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் கட்டை நெஞ்சை முதன்முதலாக விரிவாக எழுதியதும் அதே ஆண்டில்தான்.

உன் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. விலை விழுந்தது என்று கம்பெனிக்காரர்கள் கோழி பிடிக்கும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள், கோழிகள் மூன்று கிலோவைத் தாண்டிவிட்டன என்று சொன்னாயே, அதுதான். எடையும் வயதும் கூடக் கூட இந்தக் குறை கூடும். குஞ்சு அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது, மருந்து அவர்களுடையது, பிடிக்கும் தேதியும் அவர்கள் வைப்பதுதான். நஷ்டம் மட்டும் எப்படி உன்னுடையதாகும்?

நெஞ்செலும்பை ஒட்டிப் பச்சையாக இருந்தது என்று தனியாக ஒரு படம் அனுப்பியிருந்தாயே, அது வேறு கதை. அதைக் கட்டை நெஞ்சோடு சேர்க்காதே. பெரிய நெஞ்சுத் தசைக்கு அடியில் இறக்கையை மேலே தூக்கும் சிறிய தசை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் எலும்பு, மறுபக்கம் இறுக்கமான உறை. கோழி மிரண்டு படபடவென்று இறக்கையடித்தால் அந்தத் தசை ரத்தம் ஏறி வீங்கும். வீங்க இடமில்லாததால் அதற்குள் போகும் ரத்தமே அடைபடும், தசை உள்ளேயே சாகும். முதலில் சிவந்து, பிறகு வெளுத்து, நாளாக ஆகப் பச்சையாகும். 1968-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வான்கோழிகளில் பார்த்து எழுதியதால் ஓரிகன் நோய் என்றே அதற்குப் பெயர். விஷமுமல்ல, தீவனம் கெட்டதுமல்ல. நோம்பிக்கு வெடி போட்ட வாரத்தில் கோழிகள் செட்டின் ஒரு மூலைக்கே ஓடிக் குவிந்தன என்று முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. இது ஒன்றில் உன்னால் செய்ய முடிவது நிறைய உண்டு. சத்தம், புது ஆள் நடமாட்டம், நாய் எல்லாவற்றையும் செட்டுப் பக்கம் அண்டவிடாதே.

கட்டை நெஞ்சுக்கு மருந்து கிடையாது. ஆரம்ப வாரங்களில் வளர்ச்சியைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தியும் தீவனத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்தின் அளவைக் குறைத்தும் பார்த்திருக்கிறார்கள். குறை குறைந்தது, கூடவே நெஞ்சின் எடையும் குறைந்தது. அதனால் அந்த வழிக்கு எந்தக் கம்பெனியும் ஆசைப்படுவதில்லை. வைட்டமின் ஈ, செலினியம் சேர்ப்பதால் மட்டும் இது போய்விடாது, யாராவது பாட்டில் கொண்டுவந்து நீட்டினால் காசைக் கொடுத்துவிடாதே. உன் கையில் இருப்பது முதல் வாரத்தில் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் புரூடிங் சூடு, நல்ல காற்றோட்டம், எடை ஏறியதும் பிடிக்கச் சொல்லி எழுத்தில் கேட்பது, இவ்வளவுதான். பிடிப்புக்குச் சில நாள் முன்பே சில கோழிகளைத் தூக்கி நெஞ்சைத் தடவிப் பார். முற்றிய கட்டை உயிரோடு இருக்கும்போதே கைக்குத் தட்டுப்படும். அதைத் தேதியோடு நோட்டில் எழுதி வை.

வீட்டில் சாப்பிடலாமா என்று சாந்தி கேட்டதாகச் சொன்னாய். தாராளமாகச் சாப்பிடலாம், கெடுதல் இல்லை. புரதம் கொஞ்சம் குறைந்து கொழுப்பும் கொலாஜனும் கூடியிருக்கும், மசாலா உள்ளே இறங்காது, மென்றால் ரப்பராக இருக்கும். இங்கே கட்டைத் துண்டுகளைப் பிரித்துக் கொத்துக்கறிக்கும் நகட்டுக்கும் அனுப்பிவிடுவோம். சிக்கன் ரைஸுக்கு அது ஆகவே ஆகாது. வெறும் தண்ணீரில் மெதுவாக வேகவைக்கும் கறி என்பதால் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது இந்த ஊர் பட்ட பாட்டை அப்போதே உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது இங்கே வந்துகொண்டிருந்த கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான். தேக்கா ஈரச்சந்தையில் எல்லோரும் கேட்டது விலையையும் கோழி எப்போது வரும் என்பதையும்தான். அந்தச் சதை எப்படி அவ்வளவு சீக்கிரம் வளர்கிறது, அதற்குக் கோழி என்ன விலை கொடுக்கிறது, வளர்க்கிறவன் என்ன விலை கொடுக்கிறான் என்று கேட்பார் இல்லை. எனக்கு அது மனதை அறுக்கிறது, உன் செய்தி வந்த பிறகு இன்னும் கூடுதலாக.

வீட்டுச் செய்தி சுருக்கமாக. யாழினிக்கு இந்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. வீடே அவளோடு சேர்ந்து படிக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு ஈசூன் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம், மீனா பால்குடம் எடுத்தாள். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு ஜூன் விடுமுறையில் திருப்பூர் வருகிறேன். அப்போது பல்லடத்தில் உன் வீட்டில்தான் முதல் இரண்டு நாள்.

அதற்கு முன் ஒரு வேலை செய். அடுத்த முறை கட்டை நெஞ்சு கிடைத்தால் ஃப்ரீசரில் வைக்காதே, உறைந்தால் திசு கெட்டுவிடும். கழுத்துப் பக்கத்திலிருந்து விரல் நுனி அளவுத் துண்டு வெட்டி, பத்து சதவீத ஃபார்மலினில் போட்டு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போ. திசுப் பரிசோதனை வேண்டும் என்று கேள். இழைச் சிதைவு, கொலாஜன் படிவு என்று அறிக்கை வந்தால் வளர்ப்புக் குற்றம் என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். அந்த அறிக்கையையும் ஒப்பந்தத் தாளையும் பிடிப்பு தள்ளிப்போன தேதிகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்போம்.

அன்புடன்,
குமரன்