வால் உடையும் என்று சொன்னவர்

மியர்பேங்க், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஜூலை கடைசி

அன்புள்ள பெருமாள்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோயிலில் ஆடிக் கூழ் வேலை, அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. முழங்கால் முன்போல ஓடவில்லை, வாய் மட்டும் நன்றாக ஓடுகிறது. பையன்களை விரட்டி விரட்டி வேலை வாங்கிவிட்டேன். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். தங்கச்சிக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

பேரன் விமானி ஆகியே தீருவேன் என்கிறான், அவனுக்கு நம் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படத்தில் எதைப் போட்டுக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். அவர் போனதும் இதே ஜூலையில்தான், 1997ஆம் ஆண்டு 2ஆம் தேதி. அன்றைக்கு நீ ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து போன் போட்டாய். நம் வீட்டில் யாரோ தவறிவிட்டதுபோல இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற என் மனைவி "எந்த ஸ்டூவர்ட், உங்க ஃபேக்டரி ஃபோர்மனா?" என்று கேட்டாள்.

நீ முதலில் நினைப்பது 'ஸ்ட்ராட்டஜிக் ஏர் கமாண்ட்' ஆகத்தான் இருக்கும். 1955இல் வந்த படம். உங்கள் அப்பா வாடகைக்கு எடுத்து வந்த 16 எம்எம் புரொஜெக்டரில், கூடத்துச் சுவரில் வேட்டியைக் கட்டிப் பார்த்தோமே, அதுதான். டிவி நம் நாட்டுக்கு 1976இல்தானே வந்தது, அதுவரை வேட்டிதான் நமக்குத் திரை. பி-36 குண்டுவீச்சு விமானம் கிளம்பும் காட்சியில், பின்பக்கம் பார்த்த ஆறு புரொப்பெல்லரும் இறக்கை நுனிப் பக்கம் நாலு ஜெட்டும் சேர்ந்து உறுமியதில் உங்கள் பாட்டி எழுந்தே போய்விட்டார். ஆனால் கதை என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. அணுகுண்டு விமானங்களுக்கு எடுத்த நீளமான விளம்பரம். பையன் விமானத்தைப் பார்க்கட்டும், கதையைக் கேட்க வேண்டாம்.

ஒன்று மட்டும் அவனுக்குச் சொல். காக்பிட்டில் அந்த மனுஷன் உட்காரும் தோரணையே வேறு. மற்ற நடிகர்கள் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற மாதிரி கன்ட்ரோலைப் பிடித்து ஆட்டுவார்கள். இவர் கை அசைவதே தெரியாது. தெரிந்த தொழில், அவ்வளவுதான். நடிகராகப் பேர் வாங்கிக்கொண்டிருந்த 1935லேயே விமானி லைசென்ஸ் எடுத்துவிட்டார். 1940இல் ராணுவத்துக்குப் போனபோது எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விடாமல் உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி போய், 1941 மார்ச்சில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். ஆஸ்கர் வாங்கி ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கவில்லை! அப்புறம் இங்கிலாந்தில் டிபன்ஹாம் தளத்திலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானங்களை நடத்திக்கொண்டு போனார். கணக்கில் ஏறியவை 20 போர்ப் பறத்தல்கள். கர்னலாகத் திரும்பி வந்தவர், தன் போர்க் கதையைப் பட விளம்பரத்துக்கு எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்டார். பின்னால் ரிசர்வ் படையில் பிரிகேடியர் ஜெனரல் வரைக்கும் போனார், அதையும் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. நம் ஊரில் கார்ப்பரேஷன் தேர்தலில் நின்று தோற்றவர்கள்கூட விசிட்டிங் கார்டில் அதைப் போடுகிறார்கள்.

லிண்ட்பர்க்காக நடித்த படத்தை விட்டுவிடலாம். தனியாளாக விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டியபோது லிண்ட்பர்க்குக்கு 25 வயசு, அவராக நடித்தபோது இவருக்கு 47 தாண்டியிருந்தது. முடிக்குச் சாயம் பூசினால் வயசு குறைந்துவிடுமா? ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. லிண்ட்பர்க் கிளம்பிய 1927 மே 20, ஸ்டூவர்ட்டின் 19ஆவது பிறந்த நாள்.

'ஃபிளைட் ஆஃப் த ஃபீனிக்ஸ்' கட்டாயம் காட்டு. பாலைவனத்தில் நொறுங்கிய விமானத்தின் துண்டுகளை வைத்து இன்னொன்று கட்டுகிறார்கள். கட்டித் தருகிறேன் என்று வந்தவன் பொம்மை விமானம் வடிவமைக்கிறவன் என்று தெரியும்போது ஸ்டூவர்ட் முகத்தைப் பார்க்க வேண்டும். பால்சா கட்டையும் பசையுமாக உட்கார்ந்திருந்த நமக்கு எவ்வளவு பெருமை! அந்தப் படத்துக்காகப் பறக்கும்போதுதான் பால் மான்ட்ஸ் என்ற பெரிய ஸ்டன்ட் விமானி 1965 ஜூலையில் இறந்துபோனார். அதையும் பையனிடம் மறைக்காதே.

ஆனால் என்னைக் கேட்டால் முதலில் போட வேண்டியது 1951இல் வந்த 'நோ ஹைவே இன் த ஸ்கை'. இதில் அவர் விமானியே இல்லை. ஹனி என்ற ஞாபகமறதி விஞ்ஞானி, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ரெயின்டியர் என்ற புது விமானத்தின் வால் 1,440 மணி நேரம் பறந்ததும் உலோகச் சோர்வால், அதாவது திரும்பத் திரும்ப அதிர்ந்து உலோகம் விரிசல் விட்டு, ஒடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். ஒருத்தரும் காது கொடுப்பதில்லை. ஒரு நாள் வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போதுதான், தான் உட்கார்ந்திருப்பதே ரெயின்டியர், அது அந்தக் கணக்கை நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிகிறது. கனடாவில் கேண்டர் ஏர்போர்ட்டில் இறங்கிச் சோதித்துப் பார்த்தால் பழுது எதுவும் கண்ணுக்குப் படவில்லை, மறுபடி கிளம்பலாம் என்கிறார்கள். இவர் நேராக ஏறிப்போய், தரையில் நிற்கிற விமானத்தின் சக்கரத்தை மடக்கும் லீவரை இழுத்துவிடுகிறார். விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு யார் ஓட்டுவது?

அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு எதிரி நாட்டின்மேல் பறந்த மனுஷன், "பறக்காதே" என்று சொல்கிறவனாக நடித்ததுதான் எனக்குப் பிடித்தது. அந்தத் தடுமாற்றப் பேச்சும் இந்த வேஷத்துக்குப் பொருந்திய மாதிரி வேறு எதற்கும் பொருந்தவில்லை.

அப்புறம் நடந்தது நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. படம் வந்த அடுத்த வருஷம், 1952 மே 2ஆம் தேதி, உலகத்தின் முதல் ஜெட் பயணிகள் சேவை லண்டனிலிருந்து கிளம்பி ஜோகன்னஸ்பர்க் வந்தது. காமெட் விமானம், யோக் பீட்டர் என்று பேர். ஒரு நாளுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இங்கே நேட்டாலில் இருந்த நம் இந்தியர்கள், ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தின் எல்லையைத் தாண்டப் பெர்மிட்டுக்கு மனுப்போட்டுக் காத்திருந்த காலம் அது. அதே யோக் பீட்டர் 1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவுக்குப் பக்கத்தில் நடுவானில் உடைந்தது, 35 பேர் போனார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொரு காமெட், நம் சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் ஆட்கள் ஓட்டியது, ரோமிலிருந்து கெய்ரோ போகும் வழியில் நேப்பிள்ஸ் பக்கம் கடலில் விழுந்தது. 21 பேர். ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, காற்றழுத்தம் ஏறி இறங்குவதைப்போல மறுபடி மறுபடி அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்புத் தகடு கிழிந்தது. உலோகச் சோர்வேதான், வாலில் இல்லை, உடம்பில். சதுர ஜன்னல்தான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள், உன் பேரனும் சொல்வான். யோக் பீட்டரில் விரிசல் ஆரம்பித்த இடம் கூரையில் ரேடியோ ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பு என்று அவனுக்குச் சொல்லிக் கொடு.

சர்க்கரை ஆலை ஒர்க்ஷாப்பில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கூடுதல் ருசி. ரோலர் ஷாஃப்ட்டை நன்றாகத் துடைத்துவிட்டுச் சிவப்புச் சாயம் தடவுவோம். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருப்பதை வழித்து எடுத்துவிட்டு, வெள்ளை மருந்தை ஸ்பிரே பண்ணுவோம். பளபளவென்று புதுசு மாதிரி இருக்கும் இரும்பில், தோள் வளைகிற மூலையில், மயிரிழையாகச் சிவப்புக் கோடு ஒன்று கசிந்து வரும். அதைப் பார்த்ததும் ஆலையை நிறுத்து என்று போய்ச் சொல்ல வேண்டும், அதுவும் கரும்பு லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கும்போது. ஹனி பட்ட பாடு என்ன என்று அப்போது தெரியும்.

டிசம்பர் லீவுக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே டர்பனில் ரீயூனியன் பக்கத்துப் பழைய ஏர்போர்ட்டில் 2010க்குப் பிறகு பார்க்க ஒன்றுமில்லை, புது ஏர்போர்ட்டான கிங் ஷாக்காவுக்குத்தான் காரில் போக வேண்டும். வருவதற்கு முன்னால் அவனை ஜெர்மிஸ்டனில் ராண்ட் ஏர்போர்ட் மியூசியத்துக்கு அழைத்துப் போய் அந்த 747ஐக் காட்டிவிடு. இங்கே நல்ல பால்சா கட்டை கிடைப்பதில்லை. அங்கே கிடைத்தால் மெல்லிய தகடாக ஒரு கட்டு வாங்கி வா, காசு நான் தருகிறேன். தங்கச்சியின் சர்க்கரை அளவை மறக்காமல் எழுது.

உன்
முனுசாமி