காலேஜ்ல ஏதாச்சும் நடந்தா போன் எடுக்கிறவங்க கையில என்ன இருக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பத்திரிகையில காலேஜ், யூனிவர்சிட்டி பாதுகாப்பு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். சிசிடிவி, அக்சஸ் கார்டு, ராத்திரி ஜாகா (காவல்) எல்லாத்தையும் பத்தி எழுதியிருந்தீங்க, தேவையான விஷயம்தான். ஆனா ஒரு தீயோ வெள்ளமோ பஸ் விபத்தோ நடந்துருச்சுனா அத யாரு, யாருக்கு, எவ்வளவு சீக்கிரம் சொல்லணும்ங்கிறத பத்தி அதுல ஒரு வரிகூட இல்ல. நான் பினாங்குல ஒரு தனியார் காலேஜ்ல பல வருஷம் முன் கவுண்டர்ல இருந்தவ, போன் எடுக்கிறதுதான் என் வேல, அதனால இத எழுதாம இருக்க முடியல.

எந்தக் காலேஜ்ல கேட்டாலும் கிரைசிஸ் பிளான் இருக்குனுதான் சொல்வாங்க. நான் பாத்த ஃபைல்ல நிருபருங்க வந்தா யாரு பேசணும், ஸ்டேட்மெண்ட்ல யாரு கையெழுத்து போடணும், லோகோ எங்க வரணும்னு எல்லாம் இருந்துச்சு. ஆனா ஒண்ணு நடந்தா மொதல்ல போன் அடிக்கிறது நிருபரு இல்லங்க, பெத்தவங்க. அந்தப் போன எடுக்கிறதும் சிஇஓ இல்ல, பகல்ல கவுண்டர் கிராணி, ராத்திரியில வார்டன், யாரும் எடுக்கலனா கேட்டுல நிக்கிற ஜாகாக்காரரு. இந்த மூணு பேரும் என்ன சொல்லணும்னு அந்த ஃபைல்ல எங்கயும் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் எங்க ஹாஸ்டல் நாலாவது மாடியில எக்ஸ்டென்ஷன் வயர்லருந்து புகை கெளம்பிருச்சு. ரெண்டு பிள்ளைங்களுக்கு மூச்சுத்திணறல்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க, மத்த யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா பொம்பா (தீயணைப்பு) வண்டி கேட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே புகை வர்ற படம் வாட்ஸ்அப்ல சுத்த ஆரம்பிச்சுருச்சு, கொஞ்ச நேரத்துல அந்தப் படத்துக்குக் கீழ 'ரெண்டு பேரு செத்துட்டாங்க'னு ஒரு வரியும் சேந்துகிச்சு. மேலருந்து எங்களுக்கு வந்த உத்தரவு, யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க, ஸ்டேட்மெண்ட் வரும், அவ்வளவுதான். எல்லா லைனும் விடாம அடிக்குது. சுங்கைப்பட்டாணியிலருந்து ஒரு அம்மா, "ஏம்மா, எம்மவன் பேரு அதுல இருக்கா இல்லையானு மட்டும் பாத்து சொல்லும்மா, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்"னு கெஞ்சுறாங்க. எங்கிட்ட எந்த லிஸ்டும் கிடையாது. திரும்ப அடிச்சாங்க, அப்பவும் அதே பதில்தான். அப்புறம் அவங்க அடிக்கல, வாடகைக் காடி புடிச்சு நேராவே வந்துட்டாங்க, ஜாகாக்காரரு உள்ள விடல, ஏன்னா அவருக்கும் யாரும் எதுவும் சொல்லல. பையன் கேண்டீன் பக்கம் உக்காந்திருந்தான், போன்ல சார்ஜ் இல்ல. ஸ்டேட்மெண்ட் சாயங்காலம் வந்துச்சு.

அன்னைக்கு எங்கிட்ட நாலு வரி எழுதின ஒரு தாள் இருந்திருந்தா போதும். ஹாஸ்டல்ல புகை வந்தது உண்மை, பொம்பா வந்துட்டாங்க, எல்லாரையும் திடல்ல நிக்க வச்சு பேர சரிபாத்துகிட்டு இருக்கோம், அடுத்த தகவல் மூணு மணிக்கு. யாருக்கு என்ன ஆச்சுனு தெரியாதப்பகூட இத தைரியமா சொல்லலாம், ஏன்னா இதுல எதுவுமே ஊகம் இல்ல. அதுலயும் அந்தக் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம், மூணு மணினு சொல்லிட்டா பெத்தவங்க பல்லக் கடிச்சுகிட்டாவது மூணு மணி வரைக்கும் பொறுத்துக்குவாங்க, ஆனா மூணு மணிக்கு புதுசா ஒண்ணும் இல்லாட்டியும் 'இன்னும் சரிபாக்குறோம், அடுத்தது மூணரைக்கு'னு சொல்லியே ஆகணும், சொன்ன நேரத்த ஒருதடவ விட்டுட்டா அதுக்கப்புறம் நம்ம பேச்ச யாரும் நம்ப மாட்டாங்க.

தாமதம்னா என்ன ஆகும்னு உலகத்துக்கே தெரிஞ்ச சம்பவம் ஒண்ணு இருக்கு. 2007 ஏப்ரல் 16, அமெரிக்காவுல வெர்ஜினியா டெக். காலையில 7.15 வாக்குல ஒருத்தன் ஹாஸ்டல்ல ரெண்டு பேர சுட்டுட்டான். மாணவர்களுக்கு மொத இமெயில் போனது 9.26க்கு. அதுக்கப்புறம் கால் மணி நேரத்துக்குள்ள அதே ஆளு கிளாஸ் நடக்கிற கட்டடத்துக்குள்ள பூந்து இன்னும் 30 பேர கொன்னுட்டான். முன்னாடியே சொல்லியிருந்தா எத்தன பேரு தப்பிச்சிருப்பாங்கனு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா எச்சரிக்கை தாமதம்னு சொல்லி அந்த நாட்டு கல்வித் துறை யூனிவர்சிட்டிக்கு அபராதம் போட்டுச்சு. அபராதம் போட அங்க சட்டம் இருந்துச்சு, அத நாம கவனிக்கணும். 1986ல ஜீன் கிளெரினு ஒரு மாணவி ஹாஸ்டல் ரூம்லயே கொல்லப்பட்டாங்க, அவங்க அப்பா அம்மா விடாம போராடினதுல 1990ல வந்த சட்டம் அது, இன்னைக்கும் கிளெரி சட்டம்னுதான் பேரு. ஆபத்துனு உறுதியானதும் உடனே எச்சரிக்கணும், வருஷத்துக்கு ஒருதடவையாவது அந்த ஏற்பாட்ட சோதிச்சுப் பாக்கணும்னு அதுக்குக் கீழ விதி இருக்கு. நம்ம உயர்கல்வி அமைச்சும் இந்த மாதிரி ஒண்ண யோசிக்கணும்னு நான் கேட்டுக்கிறேன்.

நம்ம மலேசியாவுலயும் பட்டிருக்கோம். 2020 மார்ச் 16 ராத்திரி அப்ப பிரதமரா இருந்த முஹிடின் யாசின் கோவிட்டுக்காக பிகேபி, அதாவது நடமாட்டக் கட்டுப்பாடு, அறிவிச்சாரு, 18லருந்து அமல். ஹாஸ்டல்ல இருந்த பிள்ளைங்க போறதா இருக்கிறதானு தெரியாம பேக் கட்டுறதும் அவுக்கிறதுமா கெடந்துச்சுங்க, 17ஆம் தேதி மாநிலம் தாண்ட போலீஸ் அனுமதி வேணும்னு சொல்லி ஸ்டேஷன்ல எல்லாம் கூட்டம் நெரிஞ்சு அன்னைக்கு ராத்திரியே அத நிறுத்தி வச்சாங்க. அரசாங்க முடிவு மாறுறது காலேஜ் கையில இல்ல, சரி, ஆனா 'இந்த நிமிஷம் வரைக்கும் இதான் நிலவரம், காலையில எட்டு மணிக்கு திரும்ப சொல்றோம்'னு ஒரு எஸ்எம்எஸ் விடுறது காலேஜ் கையிலதான இருக்கு.

அப்புறம் 2025 ஜூன் 9. ஜெர்த்தேவுலருந்து தஞ்சோங் மாலிம் போன பஸ் கிரிக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில கவுந்து உப்சி (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) மாணவர்கள் 15 பேரு இறந்துட்டாங்க. நம்ம பிள்ளைங்க நெறைய பேரு தமிழாசிரியர் ஆகணும்னு போற இடம் அது. எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒரு அம்மாவுக்கு மக அங்கதான் படிக்குது, அந்தப் பிள்ள அந்த பஸ்ல ஏறவே இல்ல, ரூம்ல தூங்கிட்டு இருந்துச்சு, ஆனா அது போன் எடுக்கிற வரைக்கும் அந்த அம்மா இருந்த நிலமைய நான் பக்கத்துல இருந்து பாத்தேன். நான் இங்க எந்த யூனிவர்சிட்டியையும் குறை சொல்ல வரல. விபத்து காம்பஸ் வேலிக்கு வெளிய, நடுராத்திரியில, வாடகை பஸ்லகூட நடக்கும், அதுக்கும் சேத்து திட்டம் வேணும்னுதான் சொல்றேன். பிள்ளைங்க ஒண்ணா சேந்து பஸ் எடுத்தா, அது கெளம்புறதுக்கு முன்னாடி ஏறினவங்க பேரும் வீட்டு நம்பரும் காம்பஸ்ல ஒருத்தர் கையில இருக்கணும்.

வீட்டு நம்பர்னதும் இன்னொண்ணு. சேரும்போது பாரத்துல எழுதிக் குடுத்த நம்பரு மூணாவது வருஷத்துல பாதி பேருக்கு மாறிப் போயிருக்கும், யாரும் திரும்பக் கேக்கிறதே இல்ல. ஒவ்வொரு செமஸ்டரும் ரெஜிஸ்டர் பண்ணும்போதே கேக்கலாம். சில காலேஜ்ல வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் இருக்கு, அதுபோதும்னு நெனைக்கிறாங்க, ஆனா காலேஜ் நம்பர தன் போன்ல சேவ் பண்ணாத அம்மாவுக்கு அந்த மெசேஜ் போகவே போகாது. எல்லாரும் ஒரே நேரத்துல அடிக்கும்போது கால் போகாட்டியும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போயிரும், அதனால அத விட்டுடக் கூடாது. கரண்ட் போனா சிஸ்டமும் போயிரும், 2017 நவம்பர் வெள்ளத்துல பினாங்குல பாத்தோமே, அதனால பேப்பர்ல ஒரு லிஸ்ட் மேல் மாடியில இருக்கட்டும்.

தனிப்பட்ட தரவு பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கு, யாருக்கும் பேர சொல்லக் கூடாதுனு ஊழியருங்க பயப்படுறாங்க, அந்தப் பயம் நியாயம்தான். அதுக்கு வழி, போன் பண்ணவங்க பேர வாங்கி பாரத்துல இருக்கிற நம்பருக்கு நாமளே திருப்பி அடிக்கிறது. பெத்தவங்களத் தவிர வேற யாருக்கும் விஷயம் போகாது.

மொழியையும் யோசிக்கணும். தோட்டத்துலருந்து வந்த நம்ம அம்மாமாருங்க கடையில, ஆபிஸ்ல மலாய் நல்லாவே பேசுவாங்க, ஆனா பிள்ளைக்கு என்ன ஆச்சோனு நெஞ்சு அடிச்சுக்கிற நேரத்துல வார்த்தை தமிழ்லதான் வரும், காதும் தமிழத்தான் தேடும். பெரிய காம்பஸ்ல எல்லாம் இந்திய மாணவர் சங்கம் இருக்கு, அதுல நாலு பேருக்கு முன்கூட்டியே பயிற்சி குடுத்து ஹாட்லைன்ல உக்கார வைக்கலாம், இதுக்கு காசே செலவில்ல. தீயணைப்புப் பயிற்சி நடக்கிற அன்னைக்கே ரெண்டு மூணு பேர பெத்தவங்க மாதிரி கவுண்டருக்கு போன் அடிக்கச் சொல்லி, கிராணியும் ஜாகாவும் என்ன பதில் சொல்றாங்கனு கேட்டுப் பாக்கலாம். மணி அடிச்சு பிள்ளைங்கள திடல்ல நிக்க வைக்கிறதோட பயிற்சி முடிஞ்சு போகுது இப்ப.

உங்களுக்கும் ரெண்டு வேண்டுகோள் ஐயா. ஒண்ணு, குடும்பத்துக்கு சொல்லியாச்சானு உறுதியாகாம பேரயோ படத்தயோ உங்க முகநூல் பக்கத்துல போடாதீங்க, வேற பத்திரிகை போட்டுருச்சேனு அவசரப்படாதீங்க. ரெண்டு, அடுத்த இன்டேக் ஆரம்பிக்கிறதுக்குள்ள உங்க நிருபர் ஒருத்தர விட்டு பினாங்குல இருக்கிற காலேஜ் யூனிவர்சிட்டி ஒவ்வொண்ணுலயும் மூணே கேள்வி கேக்கச் சொல்லுங்க: ராத்திரி ரெண்டு மணிக்கு பெத்தவங்க எந்த நம்பருக்கு அடிக்கணும், அத யாரு எடுப்பாங்க, தமிழ்ல பேசணும்னா யார்ட்ட குடுப்பாங்க. அவங்க சொல்ற பதில, நம்பரோட, அப்படியே அச்சுல போடுங்க, வெட்டி வச்சுக்க நாங்க தயாரா இருக்கோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காலேஜ் ஊழியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.