சாமி எரிந்த மேடையை அடைக்க வேண்டாம்

சாமியின் அடியார் குழு நிர்வாகிகளுக்கும், ஆனி மழையில் அன்றைக்கு நனைந்து நின்ற அன்பர்களுக்கும்,

வணக்கம்.

குழுவின் தீர்மானம் கைக்கு வந்தது. நம்ம ஆசிரமத்துச் சாமியை எரித்த பொதுச் சுடுகாட்டு மேடையைச் சுற்றிக் கம்பிவேலி, மேலே மண்டபம், குருபூஜைக்கு அன்னதானக் கொட்டகை. ரசீது புத்தகமும் அடித்தாயிற்று. வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

துறவியை எரிக்கலாமா என்று அன்றைக்கே நமக்குள் சண்டை. துறவு வாங்கும்போதே தனக்குத் தானே சிராத்தம் செய்துகொண்டவருக்கு மறுபடி எதற்குத் தீ, சமாதி வைப்பதுதான் முறை என்றார்கள். தப்பில்லை. அய்யாவழி வைகுண்டசாமியை 1851இல் சாமித்தோப்பில் அடக்கம்தான் செய்தார்கள். மருத்துவாழ்மலையில் தவமிருந்த நாராயண குருவுக்கு 1928இல் கேரளத்துச் சிவகிரியில் சமாதி. ஆனால் 1892 டிசம்பரில் நம்ம கன்னியாகுமரிப் பாறையில் உட்கார்ந்திருந்த விவேகானந்தரை 1902 ஜூலையில் பேலூர் மடத்துக் கங்கைக் கரையில் எரித்தார்கள். அவருடைய குரு ராமகிருஷ்ணரை 1886இல் எரித்த இடமும் கங்கைக் கரைதான். இரண்டுக்கும் முன்வழி உண்டு. நம்ம சாமி இதையெல்லாம் எடுத்துப் பேசியதே இல்லை. "ஊர்க்காரன எரிக்கிற எடத்துல எரிச்சிருங்க" என்றார், அவ்வளவுதான்.

நம்ம மேற்குப் பக்கம் வீட்டைச் சுற்றிச் சொந்தப் புரையிடம் உள்ளவர்கள் நிறையப் பேர் வீட்டுக்குத் தெற்கேயே எரித்துவிடுகிறார்கள். பொதுச் சுடுகாட்டுக்கு வருவது பெரும்பாலும் அஞ்சு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள். சாமிக்கு ஆசிரமத்துத் தென்னந்தோப்பு இருந்தது. அதை விட்டுவிட்டு அங்கே போகச் சொன்னார்.

போனோம். அன்றைக்குத்தான் நம்மில் பாதிப் பேர் அந்த இடத்தையே முதன்முதலாகப் பார்த்தோம். ரெண்டு மேடை. ஒன்றுக்கு மட்டும் தகரக் கூரை, அதிலும் ஓட்டை. தண்ணீர்க் குழாய் இல்லை. நாம் சந்தனக்கட்டையும் நெய்யும் கொண்டு போயிருந்தோம். எரிக்கிற அண்ணாச்சி அதை ஒரு பார்வை பார்த்தார். "இதெல்லாம் சாமிக்கு சரி. தீக்கு தேங்காச் சிரட்டை வேணும், ஈர விறகு புடிக்காது" என்றார். எதிர்வீட்டுப் பாட்டி அடுப்புக்குச் சேர்த்து வைத்திருந்த சிரட்டையை ரெண்டு சாக்கில் கொடுத்தார். அந்தச் சிரட்டையில்தான் சாமி எரிந்தார். ரசீது புத்தகத்தில் அந்தப் பாட்டிக்கு ஒரு வரி இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மறுநாள் காலை அஸ்தி எடுத்த பிறகும் நாம் மேடையைச் சுற்றிக் கயிறு கட்டி உட்கார்ந்து பஜனை பாடிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு பாடை வந்து நின்றது. ஏழெட்டுப் பேர், மூன்று குடை. மழை விடவில்லை. அந்த வீட்டுப் பையன் என்னிடம் வந்து, "அண்ணே, கூரை மேடை எப்போ ஒழியும்?" என்று மெதுவாகக் கேட்டான். "கொஞ்சம் பொறு, சாமி காரியம்" என்றேன் நான். ரெண்டு மணிக்கூறு நின்றார்கள். குடை மூன்றையும் பாடைமேலே பிடித்திருந்தார்கள். அப்புறம் கூரையில்லாத மேடைக்கே கொண்டு போய்விட்டார்கள். அது சரியாக எரியவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காந்திக்குக் கன்னியாகுமரியில் மண்டபம் இல்லையா, விவேகானந்தரை எரித்த இடத்தில் கோயில் இல்லையா என்று செயலாளர் கேட்பார். இருக்கிறது. 1948இல் காந்தியின் அஸ்திக் கலசம் வைத்திருந்த இடத்தில்தான் மண்டபம். அக்டோபர் 2 நடுப்பகலில் கூரைத் துளை வழியாகக் கலசம் வைத்த இடத்தில் வெயில் விழுவதைக் கூட்டத்தோடு நின்று நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த இடங்களில் நாளைக்கு ஒரு பிணம் வந்து காத்து நிற்கப் போவதில்லை. இங்கே நிற்கும். கூரையுள்ள ஒரே மேடையை நாம் வேலிக்குள் எடுத்துக்கொண்டால், மழைக்காலத்தில் சாகிற ஏழை எங்கே போவான்? நம்ம ஜில்லாவில் ரெண்டு பருவமழையும் பெய்யும் என்பது தெரியாதவர்களா நாம்?

சேர்ந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. ரெண்டு மேடைக்கும் கூரை போடுவோம். குழாய் ஒன்று இறக்குவோம். சிரட்டையும் காய்ந்த விறகும் நனையாமல் வைக்க ஒரு சின்ன அறை கட்டுவோம். எதிலும் சாமி பெயர் வேண்டாம். பஞ்சாயத்தில் அனுமதி கேட்க நான் வருகிறேன்.

அந்தக் கயிறு இன்னும் அப்படியே கிடக்கிறது. கட்டியவர்களில் நானும் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவிழ்க்கப் போகிறேன். வருகிறவர்கள் வரலாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்