பரிசு வாங்காத நாய்களையும் சேருங்கள்

ஆசிரியருக்கு,

நாட்டு நாய் இனங்களின் மரபணுத் தொகுதியைப் படித்து ஒப்பிடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி வரவேற்கத்தக்கது. ஆனால் எந்த நாய்களிடம் மாதிரி எடுக்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. கண்காட்சியில் பரிசு வென்றவற்றோடு நின்றுவிட்டால் இனத்தின் அழகு பதிவாகும், நோய் பதிவாகாது. 2005இல் வெளியான நாயின் மரபணு வரிசை, டாஷா என்ற ஒரே பாக்ஸர் நாயைக் கொண்டு உருவானது. சுமார் 240 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட அந்த வரிசை அடித்தளம் மட்டுமே. நலமுள்ள நாயையும் குறையுள்ள நாயையும் அருகருகே வைத்தால்தான் குறையின் வேர் தெரியும். உடல் அளவில் ஐ.ஜி.எஃப்.1 மரபணுவின் பங்கை 2007இல் கண்டறிந்ததும் சிறிய, பெரிய நாய்களை ஒப்பிட்டுத்தான்.

ராஜபாளையம் நாய்க்குட்டிகளில் சில செவிடாகப் பிறப்பது வளர்ப்பவர்கள் அறிந்ததே. ஒரு வீட்டில், உறங்கும் குட்டிகளுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் போட்டுச் சோதித்ததைப் பார்த்திருக்கிறேன். மற்றவை துள்ளி எழுந்தன. ஒன்று மட்டும் அசையவில்லை. அத்தகைய குட்டியை விவரம் தெரியாத வெளியூர்க்காரர் தலையில் கட்டிவிடுவார்களாம். பிறகு அது எந்த ஆய்வாளர் கண்ணில் படும்? எனவே, வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களுக்கு வரும் நாட்டு நாய்களின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, உரிமையாளர் ஒப்புதலுடன் மாதிரி எடுக்கலாம். காது கேட்கிறதா, தாயும் தந்தையும் ஒரே ஈற்றைச் சேர்ந்தவையா என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் பெயர் வெளிவராது என்று எழுத்தில் உறுதி கொடுத்தால், குறையை மறைப்பவர்களும் வருவார்கள்.