பழைய அரங்கில் எந்த இருக்கை?

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரின் நடுவே நூறாண்டு கடந்து நிற்கும் நாடக அரங்குகளுக்குப் போகிறவர்கள் விலையை மட்டும் பார்த்து இருக்கை எடுத்து ஏமாறுகிறார்கள். தலைக்கு மேல் பால்கனி கவிந்திருக்கும் கீழ்த்தளப் பின்வரிசைகள் வேண்டாம். கூரையில் பட்டு இறங்கும் ஒலியைப் பால்கனியின் அடிப்பாகம் மறித்துவிடும். பாட்டு அடுத்த அறையிலிருந்து வருவதுபோல மங்கிக் கேட்கும். பால்கனியின் இரண்டாம், மூன்றாம் வரிசையில் பெரும்பாலும் அதே பாட்டு தெளிவாக விழும். முதல் வரிசையிலோ கைப்பிடிக் கம்பி மேடையின் முன்விளிம்பை மறைக்கலாம். பாதம் தெரியாமல் என்ன நாட்டியம் பார்ப்பது?

பால்கனிப் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்ட் உண்டா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உட்கார்ந்ததும் அருகிலுள்ள வெளியேறும் கதவைப் பார்த்துவைக்க வேண்டும். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வாய் அரங்கில் மூண்ட தீயில் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. பல கதவுகள் பூட்டியிருந்தன.

நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தூணுக்குப் பின்னுள்ள இருக்கையின் டிக்கெட்டில் ‘பார்வை மறையும்’ என்று அச்சிட்டு, விலையையும் குறையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்