மைக்ரோமீட்டர்: கருவியா, அளவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் சூரமங்கலத்தில் முப்பது வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். ஏற்காட்டுப் பனிமூட்டம் பற்றி உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்ததைப் பேத்தி சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ‘பனித்துளி 20 மைக்ரோமீட்டர்தான் இருக்கும்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "தாத்தா, மைக்ரோமீட்டர்னா பட்டறையில கம்பியை வெச்சுத் திருகுவீங்களே, அதுதானே? அதுல இருபதா ஒரு பனித்துளி?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அளவுக்கும் கருவிக்கும் ஆங்கிலத்தில் எழுத்திலாவது சின்ன வித்தியாசம் காட்டுகிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பட்டறையில் எங்களுக்கு இந்தக் குழப்பம் வந்ததே கிடையாது. கருவி மைக்ரோமீட்டர், அளவு மைக்ரான். ‘ஷாஃப்ட் இன்னும் இருபது மைக்ரான் கூட இருக்கு, எமரித் தாள் போட்டுத் தேய்’ என்றால் நேற்று சேர்ந்த பையனுக்கும் புரியும்.

மைக்ரான் என்பது ‘சிறியது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குக்கு 1879-ல் சர்வதேச எடை அளவைக் குழு அந்தப் பெயரை ஏற்று, ‘மியூ’ என்ற கிரேக்க எழுத்தைக் குறியீடாகக் கொடுத்தது. 1960-ல் எஸ்.ஐ. என்ற சர்வதேச அலகு முறை வந்தபோது, பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் குறிக்க எந்த அலகின் முன்னாலும் போடக்கூடிய ‘மைக்ரோ’வுக்கும் அதே மியூதான் அமைந்தது. ஓர் எழுத்துக்கு இரண்டு வேலை ஆகாது என்று 1967-68-ல் எடை அளவைகளுக்கான பொது மாநாட்டில் மைக்ரானை எடுத்துவிட்டார்கள்; அதே அளவுக்கு மைக்ரோமீட்டர் என்ற பெயர் மட்டும் நின்றது. ஆய்வுக்கூடத்துக்கு அது சரி. ஆனால் பிரச்சினை குறியீட்டில்தான் இருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் நாம் மியூவா போடுகிறோம்? பிளாஸ்டிக் பை குறைந்தது 120 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதியே இன்றைக்கும் சொல்கிறது. (தமிழ்நாட்டில் 2019 முதல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடை, அது வேறு.)

இன்னொன்று. எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போனால் யாருக்கும் பிடிபடாது. ஆசாரிகள் அங்குலத்தை எட்டாக்கி நூல் என்கிறார்கள். அந்த ஒரு நூலுக்குள்ளேயே 3,175 மைக்ரான் அடங்கும். பேத்திக்கு ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டி, "இந்த இடைவெளியில ஐம்பது பனித்துளியை ஒட்டி ஒட்டி வைக்கலாம்" என்றேன். அப்புறம்தான் அவளுக்கு மூட்டம் ஏன் கீழே விழாமல் மிதக்கிறது என்று கேட்கத் தோன்றியது.

ஆகவே அளவை மைக்ரான் என்றே எழுதுங்கள், பக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கும் ஒரு வரி கொடுங்கள். மைக்ரோமீட்டர் என்றுதான் எழுத வேண்டுமென்றால், கருவியையாவது பள்ளிப் புத்தகத்தில் உள்ளபடி ‘திருகு அளவி’ என்று குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை வாசகர்,
சூரமங்கலம், சேலம்.